மைக் எங்கே நிற்கிறது?

(கல்லூரிப் பறைக் குழுக்களில் இயங்கும் மாணவர்களுக்கான ஒலிப்பதிவுப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

காலையிலிருந்து நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "அக்கா, பறைக்கு எந்த மைக் வாங்கலாம்?" கடையில் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்டால் சொல்லிவிடுவார்கள், பில்லும் போட்டுவிடுவார்கள். கையில் இருக்கிற மைக்கை எங்கே நிறுத்துவது, யார் காதாக நிறுத்துவது என்பதைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். ஆறு வருடமாக என் ஆய்வே அதுதான். நூலகத்தில் இருந்ததைவிட மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலைந்ததுதான் அதிகம்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். இந்தியாவில் இசைத்தட்டுக்கான பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. கௌஹர் ஜான் பாடினார். அப்போது மின்சார மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பு. அதன் வாயருகே நின்று பாட வேண்டும். கூம்பின் மறுமுனையில் இருக்கும் ஊசி, மெழுகில் தடம் கீறும். 1925 வாக்கில் மின்சாரப் பதிவு வரும்வரை உலகம் முழுக்க இதுதான் முறை. இந்த முறைக்கு மேளம் ஆகாது. பெரிய மேளத்தை ஓங்கி அடித்தால் ஊசி தடத்தை விட்டுத் துள்ளிவிடும். அதனால் மேளக்காரரைத் தூரத்தில் நிறுத்தினார்கள், இல்லையென்றால் வாசிக்கவே வேண்டாம் என்றார்கள். ஒலிப்பதிவின் பாலபாடமே "குரல் கிட்ட வா, மேளம் தள்ளிப் போ" என்பதாகத்தான் இருந்தது. இதைச் சாதி என்று நான் சொல்லவில்லை, அது ஊசியின் சிக்கல். ஆனால் ஊசி போன பிறகும் அந்த வரிசை ஏன் போகவில்லை என்பது என் கேள்வி.

எந்தக் கருவி மைக் முன்னால் வரலாம் என்று அதிகாரம் முடிவு செய்த கதையும் நம்மிடம் இருக்கிறது. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் தடை செய்தது. கமகம் வராது, அந்நியக் கருவி என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். 1971-இல்தான் தடை தளர்ந்தது. முப்பது ஆண்டு! நாடக மேடையிலும் தெருவிலும் சனங்களின் கையில் இருந்த ஒரு பெட்டிக்கு அந்த நிலை.

மிருதங்கத்துக்கு வருவோம். பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில், மைக் வைத்த கச்சேரியில் வாசிக்க மாட்டேன் என்று நிலைப்பாடு எடுத்தார். நாதத்தை மைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அதைக் கௌரவத்தோடுதான் எல்லோரும் பேசுகிறார்கள், பேசட்டும். அந்த நாதத்தைத் தோலிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் பர்லாந்து. டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020-இல் வெளிவந்தபோதுதான் நம்மில் பலருக்கு அந்தப் பெயரே தெரியும். மாட்டுத்தோலைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, இழுத்துக் கட்டி, சுதி சேர்த்துக் கொடுத்த தலித் கிறித்தவக் குடும்பங்கள். வாசிப்பவர் "எனக்கு மைக் வேண்டாம்" என்று சொல்ல முடிந்தது. செய்தவரிடம் மைக்கை யாரும் நீட்டவே இல்லை.

சரி, பறை. இங்கே எல்லோரும் அடிப்பவர்கள், உங்களுக்கு நான் பறையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒலிப்பதிவு செய்பவரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். வேம்பில் செய்த வட்டச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல், பின்பக்கம் திறப்பு. இடது தோளில் மாட்டி, இடது கையால் உடம்போடு அணைத்துப் பிடிக்கிறோம். வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இடது கையில் நீளமான, மெல்லிய மூங்கில் குச்சி. சிண்டு என்கிற ஊரும் உண்டு, சிம்பு என்கிற ஊரும் உண்டு. அடிக்குச்சி தோலில் பட்டுத் தெறிக்கிறது. சிண்டு கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் தோலில் விழுகிறது. ஒன்றின் சத்தம் பெரிது, மற்றொன்றின் சத்தம் சிறிது, கூர்மையானது. அடியை அடியாக ஆக்குவது இந்த இரண்டுக்கும் நடுவிலான பேச்சு. சாமியடி, சாவடி, ஒத்தையடி எதுவானாலும் சிண்டு இல்லையென்றால் வெறும் எண்ணிக்கைதான் மிஞ்சும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டூடியோவுக்கு ஒரு ஆசானை அழைத்துப் போயிருந்தோம். பெயர் வேண்டாம், இந்த ஒரு இடத்தின் பிரச்சினையாக அதைச் சுருக்க எனக்கு விருப்பமில்லை. பாடகருக்கு உள்ளே தனி அறை, விலையுயர்ந்த கண்டென்சர் மைக். ஆசானை வெளியே நடைவழியில் நின்று அடிக்கச் சொன்னார்கள். "சவுண்ட் உள்ள லீக் ஆகும் மேடம்" என்றார் பொறியாளர். அது உண்மைதான். பறையின் சத்தம் பாடகரின் மைக்கில் ஏறினால் பிறகு பிரிக்க முடியாது. அந்தப் பையன் நல்லவன், மரியாதையாகத்தான் பேசினான், ஆசானுக்கு டீ கூட அவனே வாங்கி வந்தான். ஆனால் பாடகரை நடைவழியில் நிறுத்தி ஆசானை உள்ளே விடலாம் என்கிற யோசனை அந்த அறையில் ஒருவருக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் லீக் ஆகியிருக்காது. கதவுக்கு இரண்டு பக்கம் உண்டே.

மைக் வைத்த விதத்தைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். ராக் இசை டிரம் செட்டுக்கு வைப்பதுபோல, தோலின் நடுவுக்கு நேராக, நாலு விரல் இடைவெளியில் ஒரு டைனமிக் மைக். அந்த மாதிரி கார்டியாய்டு மைக்கைக் கிட்டே கொண்டுபோகப் போக அடித்தொனி தானாக ஊதிப் பெருகும். அந்த மைக்கின் குணம் அது. அடிக்குச்சி 'தொம்' என்று வீங்கியது. அதற்கு மேல் கணினியில் நாய்ஸ் கேட் என்று ஒன்றைப் போட்டார்கள். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் சத்தத்தை எல்லாம் அது அடைத்துவிடும். டிரம் செட்டுக்கு என்று எவனோ எழுதி வைத்த அளவு. அந்த அளவுக்குக் கீழே இருந்தது எது? சிண்டு. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பதிவை ஹெட்போனில் போட்டுக் கேட்டால் தொம், தொம், தொம். அவ்வளவுதான். ஆசான் முழுசாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பாப்பா, இதுல ஒத்தக் கையிக்காரன் அடிக்கிறான்" என்றார்.

தோழர்களே, "பறையில் என்ன இசை இருக்கிறது, வெறும் இரைச்சல்" என்று சொல்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு மேடையில் நின்று பதில் சொல்லியும் இருக்கிறோம். ஆனால் அவர்கள் சொல்வதற்கு ஆதாரத்தை இப்படி ஸ்டூடியோவிலேயே தயாரித்துக் கொடுக்கிறார்கள். நாலு விரல் தூரத்தில், ஒரு பொத்தானில். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே அது நடந்துவிடுகிறது என்பதுதான் எனக்குப் பயம். ஜோயி ஷெரினியன் பறையையும் அதை அடிப்பவர்களையும் வைத்து எடுத்த ஆவணப்படம் 2011-இல் வந்தது. அதன் தலைப்பே 'இது ஓர் இசை' என்றுதான் தொடங்குகிறது. அப்படித் தலைப்பிலேயே வாதாட வேண்டிய நிலைமை வீணைக்கு வருமா?

மறுபடி பதிவு செய்தோம், வேறிடத்தில், ஒரு பள்ளி மைதானத்தில். அங்கே செய்ததைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

மைக்கை ஒரு முழத்துக்கும் மேலே தள்ளி வைத்தோம். தோலின் நடுவுக்கு நேராக வைக்காமல், சிண்டு விழுகிற பக்கமாகச் சாய்த்து, கிட்டத்தட்ட 45 பாகையில். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் திறந்த வெளியில் சத்தம் 6 டெசிபல் குறையும். நடுத்தோலிலிருந்து தள்ளிப் போனதும் அந்த வீக்கம் வடிந்தது. சிண்டு வந்துவிட்டது. இன்னும் எதுவும் வாங்கவில்லை, எந்த பொத்தானையும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆசான் கேட்டார். "இப்ப ரெண்டு கையும் இருக்கு. ஆனா இது எதுத்தாப்புல நின்னு கேக்குறவனுக்கு. எனக்குக் கேக்குறது வேற" என்றார். ஆறு வருடத்தில் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த வாக்கியம் இல்லை. அடிப்பவரின் காது பறையின் பின்பக்கத் திறப்புக்கு மேலே இருக்கிறது. அவர் கேட்கிற பறையில் அடித்தொனி உருண்டு வரும், அவர் நெஞ்சிலும் அது இறங்கும். அந்தப் பறையை யாரும் பதிவு செய்ததில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. இரண்டாவது மைக்கை அவருடைய இடது தோளுக்குப் பின்னால், காது உயரத்தில், திறப்பைப் பார்த்து வைத்தோம்.

இரண்டையும் சேர்த்தால் சத்தம் கூடும் என்றுதானே நினைப்போம்? மெலிந்துவிட்டது, உள்ளீடற்ற தகர டப்பா மாதிரி. காரணம் எளிது. குச்சி பட்டதும் தோல் பின்னால் போகிறது. முன்னால் இருக்கும் மைக்குக்கு அது காற்று உள்வாங்குவது, பின்னால் இருக்கும் மைக்குக்குக் காற்று தள்ளுவது. ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். சேர்த்தால் அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும். பின் மைக்கின் துருவத்தை மாற்றுங்கள். ரெக்கார்டரிலோ கணினியிலோ வட்டத்தில் ஒரு கோடு கிழித்த மாதிரி ஒரு குறி இருக்கும், அதுதான். அழுத்தியதும் பறை எழுந்து நிற்கும்.

தூர வித்தியாசத்தையும் பாருங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஒரு மைக் இன்னொன்றைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், துருவம் சரியாக இருந்தும்கூட 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். 1500-இல் இன்னொன்று. அதனால் இரண்டு மைக்கும் தோலிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கட்டும், கயிறு வைத்து அளந்தாலே போதும். முடியாவிட்டால் ஒரு மைக் போதும் என்று விட்டுவிடுங்கள். ஒரு மைக்கோடு நன்றாக நிற்பது, ஏழு மைக்கைத் தாறுமாறாக நட்டு வைப்பதைவிட மேல்.

குழுவாக ஆடி அடிக்கும்போது இதெல்லாம் செல்லாது. அடவு போடுகிறவரைப் பார்த்து "அசையாம அடிங்கண்ணே, மைக்க விட்டு விலகுறீங்க" என்று சொல்கிற ஒலிப்பதிவாளரை நான் பார்த்திருக்கிறேன். காலைக் கட்டிப் போட்டுவிட்டுக் கையை மட்டும் பதிவு செய்கிற வேலை அது. பறை நின்று அடிக்கிற கருவி இல்லை. மைக்தான் இடம் கொடுக்க வேண்டும். அரைவட்டத்துக்கு எதிரே மூன்று, நாலு மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில் இரண்டு மைக்கை வையுங்கள். பிரெஞ்சு வானொலிக்காரர்களின் முறை ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே 17 சென்டிமீட்டர், 110 பாகை விரிவு. ஏறக்குறைய இரண்டு காதுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி அது. யார் எந்தப் பக்கமிருந்து நுழைகிறார், யார் சுழன்று போகிறார் என்று கேட்பவருக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனி மைக் கட்டாயம் என்றால், மைக்குக்கும் பறைக்கும் இருக்கும் தூரத்தைப்போல மூன்று மடங்காவது ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் இடையே இருக்க வேண்டும். வெளியில் பதிவு செய்யும்போது காற்றுக்கு அந்த முடி வைத்த உறை. பஞ்சு போதாது.

போன் மட்டும்தான் இருக்கிறதா? தாராளமாகச் செய்யுங்கள். பறைக்குக் கிட்டே போகாதீர்கள். அந்தச் சின்ன மைக் தாங்கும் அளவைப் பறையின் உச்சம் தாண்டிவிடலாம், தாண்டினால் கிழிந்த சத்தத்தை எந்தச் செயலியாலும் தைக்க முடியாது. நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கூட்ட அழைப்புச் செயலிகளில் 'இரைச்சல் நீக்கம்' என்று ஒன்று தானாக ஓடிக்கொண்டிருக்கும். மனிதக் குரலைத் தவிர மற்றதை எல்லாம் இரைச்சல் என்று கருதும்படி செய்து வைத்திருக்கிறார்கள். ஜூமில் பறை வகுப்பு எடுத்துப் பாருங்கள், மாணவருக்குக் கேட்காது. அமைப்புகளுக்குள் போய் அசல் ஒலி என்று இருப்பதைத் தேடிப் போட வேண்டும். நூறு வருடம் கழித்து மறுபடியும் "குரல் கிட்ட வா, மேளம் தள்ளிப் போ."

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சாத பறையைப் பதிவு செய்யாதீர்கள். தோல் சூடேறி இறுகினால்தான் தொனி ஏறும், ஈரக்காற்றில் அது இறங்கிக்கொண்டே இருக்கும். பதிவு நேரத்தில் பாதியைக் காய்ச்சுவதற்கே ஒதுக்குங்கள். அந்த ஸ்டூடியோவில் நெருப்புக்கு அனுமதி இல்லை, "பிளாஸ்டிக் தோல் போட்டது கிடைக்குமே மேடம்" என்றார்கள். கிடைக்கும். பியானோவுக்குச் சுதி சேர்க்க ஆள் வந்தால் ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள், அதுவும் பில்லில் வரும்.

இனி சொல்லப்போவதைத் தொழில்நுட்பம் என்று சொல்வதா வேறேதும் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

என் தாத்தா பறையைப் பரணில் தூக்கிப் போட்டவர். ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக என்னென்ன பட்டார் என்பதை வீட்டில் முழுசாகச் சொன்னதில்லை. நான் ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்ததும் அம்மா சொன்னார், "அத விட்டுட்டு வர நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ அதையே தூக்கிட்டு வர்ற." நம் இயக்கத்துக்குள்ளும் இந்த இரண்டு குரலும் உண்டு. பறையை விட்டொழி என்பது ஒன்று, பறையை மீட்டெடு என்பது ஒன்று. 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது மகிழ்ந்தவள்தான் நான். ஆனாலும் அம்மாவின் குரலை என்னால் இரைச்சல் நீக்கம் போட்டு நீக்க முடியாது.

சாவு வீட்டுப் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று. அடிப்பவர்கள் தெருமுனையில் நிற்கிறார்கள், மைக்கும் தெருமுனையில் அவர்களோடு நிற்கிறது. அடி நின்ற ஒரு இடைவெளியில் பந்தலிலிருந்து ஒரு இளைஞனின் குரல் அறுபது வயது ஆசானை ஒருமையில் அதட்டுகிறது. மூன்று சொல். மைக் மிகத் தெளிவாகப் பிடித்திருக்கிறது. அன்று நான் மைக்கைப் பந்தலுக்குள், மரியாதையான இடத்தில் வைத்திருந்தால் அந்த மூன்று சொல் பதிவாகியிருக்காது, நல்ல ஒப்பாரி மட்டும் கிடைத்திருக்கும். எங்கே நின்றோமோ அங்கே நடப்பதைத்தான் மைக் எழுதுகிறது.

என் நெறியாளர் சொன்னார், இதுதான் உன் ஆய்வின் ஆதாரம், வெட்டாதே. நியாயம்தான். ஆவணத்தை அழகுபடுத்துவது எனக்கும் பிடிக்காது. பதிவை எடுத்துக்கொண்டு ஆசான் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் முகம் மாறவில்லை. முடியும்வரை கேட்டார். "அந்த எடத்த வெட்டிரு பாப்பா. எம் பேரப்பிள்ள கேக்கும்" என்றார். ஆய்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவா, யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன் என்றேன். "ஒங்கிட்டயும் வேண்டாம்."

வெட்டினேன். எல்லாப் பிரதியிலிருந்தும். என் ஆய்வேட்டில் அந்த இடத்தில் ஒரு வாக்கியம் மட்டும் இருக்கிறது, அதையும் அவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கித்தான் வைத்தேன். நண்பர்கள் சிலர், நீ சாதிக்குச் சாட்சியை அழித்துவிட்டாய் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் சாட்சி சொல்வதும் சொல்லாததும் பட்டவரின் உரிமை என்றே நான் நினைக்கிறேன். இந்தச் சண்டை நம் அமைப்புகளுக்குள் நடக்கட்டும், ஆளுக்கு ஒரு ரெக்கார்டர் வாங்குவதற்கு முன்பே நடக்கட்டும்.

கடைசியாகப் பெயர். கோப்புக்குப் 'பறை 1', 'பறை 2' என்று பெயர் வைக்காதீர்கள். அடித்தவர் பெயர், ஊர், பறை செய்தவர் பெயர், தேதி, எந்த அடி, யாருக்காக அடித்தது. இது பெருந்தன்மை ஒன்றும் கிடையாது, சட்டம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், நிகழ்த்துகிற கலைஞருக்குத் தன் நிகழ்வோடு தன் பெயர் வர வேண்டும் என்று கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும், வணிகமாகப் பயன்படுத்தினால் பங்கு கேட்கும் உரிமையும் உண்டு. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு நிற்கும். நீங்கள் யூடியூபில் ஏற்றும் பதிவு ஏதோ ஒரு படத்தின் பின்னணியில் ஒலிக்கும்போது, அந்த ஆசானின் பிள்ளைகள் கேட்டு வாங்க ஒரு காகிதம் வேண்டும். ஒரு பக்கச் சம்மதப் படிவம், தமிழில், படித்துக் காட்டி, ஒரு பிரதி அவர் கையில். மாதிரி கொண்டுவந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வைக்கோல் பற்றவைத்துவிட்டார்கள், வாசம் வருகிறது. நாலு பறை, இரண்டு மைக், ஒரு ரெக்கார்டர். உச்சம் மைனஸ் 12-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மைக்கை எங்கே வைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அடிக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள், வைத்தபின் ஹெட்போனை முதலில் அவர்களிடம் கொடுங்கள். போகலாம்.